துருத்தி அறையிலிருந்து ஒரு தட்டு

சத்தார், அந்தக் கதவைச் சாத்து. லாந்தரைக் கொஞ்சம் இறக்கு... போதும். பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் நடுவில் உட்காருங்கள்.

நம்ம நயீமுக்கு சாமுவேல் என்று ஒரு தோஸ்த் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா மனோரமாவுக்கு நடந்தது இது. ஈஸ்டர் நாள். இன்னும் விடியவில்லை. பாலாற்றங்கரைச் சாலையில் தனியாக மெதடிஸ்ட் கோயிலுக்கு நடக்கிறாள். ஒரு நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் தோல் பதனிடுகிற ஷாப்புகள்... சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறுகிற வாடை.

அந்தக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள் அவள்தான். சீமையிலிருந்து கப்பலில் வந்த பெரிய குழாய் ஆர்கன். அவள் முன்னால் வாசிக்க, பின்னால் இருட்டு அறையில் ஒருவன் துருத்தி அமுக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அதனால் அவள் பலகையை இரண்டு முறை தட்டுவாள். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தால், காற்று தயார் என்று அர்த்தம்.

அந்தத் தட்டு யோபுவுடையது. தோல் ஷாப்பில் வேலை, பட்டைச் சாற்றில் ஊறிப் பழுப்பேறிய கை. ஒரு நாள் கேட்டான்.

"எம்மா, ஊருக்கெல்லாம் வாசிக்கிறீங்க. நான் போய்ட்டா எனக்கும் ஒரு பாட்டு வாசிப்பீங்களா?"

"இன்னா யோபு, இப்படிக் கேட்டுட்ட? சத்தியமா வாசிக்கிறேன்."

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் யோபு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். தோல் நாற்றம் உள்ளே வரக்கூடாது என்று கோயில் மூப்பர்கள் சவப்பெட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா... ஒரு பாட்டுதானே கேட்டாரு" என்று அவன் பெண்சாதி பூங்காவனம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மனோரமா வாயைத் திறக்கவில்லை. ஆர்கனையும் திறக்கவில்லை. பாவி, செத்தவனுக்குக் கொடுத்த வாக்கைவிட மூப்பர்களின் முகம் அவளுக்குப் பெரிதாகப் போய்விட்டது. துரோகம் என்றால் வேறு எது, சொல்லுங்கள்?

அதற்கப்புறம்தான் இந்த ஈஸ்டர். கோயில் நிறைந்துவிட்டது. துருத்திக்குப் புதிதாக வைத்த ஆள் வரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. பலகையை இரண்டு முறை தட்டினாள்.

டொக்.

காற்று வந்தது... பழையபடி, பிசிறில்லாமல். கூடவே ஆவாரம்பட்டை வாடை. அவளுக்குப் புரிந்துவிட்டது. யோபு கேட்ட அடக்கப் பாட்டை அப்போதாவது வாசித்திருக்கலாம். முன்வரிசையில் மூப்பர்கள்... ஈஸ்டர் பாட்டையே வாசித்தாள். கடைசி அடிவரை காற்று கொஞ்சமும் குறையவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆராதனை முடிந்து பின்னால் ஓடினாள். வெளியே பூட்டு. சாவி வாங்கித் திறந்தால், உள்ளே யாரும் இல்லை. துருத்திப் பிடியில் மட்டும் ஈரம். பழுப்பாக, இரண்டு கைகளின் அச்சு.

அப்புறம் அவள் ஆர்கனைத் தொடவே இல்லை. போன வருஷம் செத்துப்போனாள். அவள் பெட்டியை மூப்பர்களே மரியாதையாகக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அவளுக்குப் பதிலாக வாசிக்க வந்த புது வாத்தியார் ஆர்கனில் உட்கார்ந்து இரண்டு முறை தட்டினார்.

டொக்.

விரலை வைத்தார். சத்தமே இல்லை. பின்னறையில் ஆள் வியர்க்க வியர்க்க அமுக்குகிறான். "நான் தட்டல சார்! ரெண்டு கையும் பிடியிலதான் இருக்குது!" என்று உள்ளேயிருந்து அலறினான்.

வாத்தியார் மறுபடி தட்டினார். மறுபடியும்... ஒவ்வொரு முறையும் பதில் தட்டு வந்தது.

காற்று மட்டும் வரவில்லை.