பூச்சியம் என்று ஒட்டிய போத்தல்

நான் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்தவன் அல்ல. புகை மணம் பட்டாலே எனக்குத் தலையிடிக்கும். அதிகாரி அம்மா முதலில் கேட்டது, நீங்களும் வேப், அந்த மின்சிகரெட், இழுப்பீர்களா என்று. இல்லை. நான் கலந்து கொடுத்தது மட்டும்தான். மொழிபெயர்க்கும் தம்பி தமிழ்நாட்டுக்காரர் போலிருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு அவருக்குச் சிலவேளை பிடிபடாது. அதனால் எழுத்துத் தமிழிலேயே நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் ஞானேந்திரன். வயது அறுபத்தொன்று. லாசாலில் ஷாம்புவும் சோப்புத் தண்ணீரும் நிரப்புகிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். எந்தத் தொட்டியில் எது எவ்வளவு போனது என்று எழுதி ஒட்டாமல் அங்கே ஒரு போத்தல்கூட வெளியே போகாது. லேபலில் பிழை வந்தால் முழுத் தொட்டியையும் கீழே ஊற்றிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் என் கையால் ஒரு தொட்டியும் ஊற்றுப்படவில்லை. இதை நீங்கள் அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

கிருபானந்தனும் நானும் ஒரே வருடத்தில் இந்த நகரத்துக்கு அகதிகளாக வந்தவர்கள். முதல் நான்கு வருடம் ஒரே அறை. அவனுடைய கலியாணத்துக்கு நான் மாப்பிள்ளைத் தோழன். பிறகு அவன் ரக்சி ஓடினான், கார்ட்டியர்வில் பக்கம் வீடு வாங்கினான். அவன் மனைவி இந்திராதேவி என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அவர்களுடைய மகள் பிரஷாந்தினிக்கு நான் மாமா. சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டில் எனக்கு எப்போதும் ஒரு தட்டு இருந்தது.

இனி என் மகள் றொஷினியின் கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை பார்த்தோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிவாகும் முன்னர், பெண் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தவர்களிடம் மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் கிருபானந்தனுக்குத் தொலைபேசி எடுத்தார். இருவரும் ஒரே ஊர். எல்லாம் சரி என்று நாள் வைத்தோம், மண்டபம் எடுத்தோம், அட்டை அடித்தோம். கலியாணத்துக்கு இருபத்துமூன்று நாள் இருக்கையில் மாப்பிள்ளையின் தகப்பன் கூப்பிட்டு, "எங்களுக்கு இது சரிவராது, குறை நினைக்காதேங்கோ" என்றார். காரணம் சொல்லவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பு கிருபானந்தனின் ரக்சியில் என் மகள் ஒரு பிரெஞ்சுக்காரப் பையனோடு ஏறியிருக்கிறாள். அன்று மாலையே அவன் என்னிடம் வந்து சொன்னான்.

"மச்சான், பிள்ளையைக் கோவிக்காத. ஒருக்காக் கூப்பிட்டு வைச்சுக் கதை. அவளுக்கு என்ன விருப்பம் எண்டு கேள்."

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். அதற்குப் பதிலாக மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினேன். ஆக, அந்தப் பையனைப் பற்றித் தெரிந்த வெளியாள் ஒருவன்தான். விசாரிப்பு வந்ததும் அவனிடம்தான். இதற்கு மேல் கணக்குப் போட வேண்டியதில்லை.

நான் நேரே கேட்டேன். இல்லவே இல்லை என்றான். "தங்கமான பிள்ளை எண்டுதான் சொன்னனான். கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டே?" என்றான். வேண்டாம், உன்னை நம்புகிறேன் என்றேன். அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

அதன் பிறகு நான் மகளோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்துவிடுவேன். பிள்ளைக்கு ஒரு படிப்பினை வேண்டும் அல்லவா. ஐந்து மாதம் அப்படிப் போனது. பனி கொட்டத் தொடங்கிய பிறகு அவள் கல்கரியில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். வீடு ஒழுங்குபடுத்திக் கொடுக்க இரண்டு வாரம் என்று கூடப் போன என் மனைவி திரும்பி வரவே இல்லை. கிருபானந்தன் என் குடும்பத்தைப் பிரித்துவிட்டான். அவனுடைய வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நான் போவதை நிறுத்தவில்லை.

அவன் நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவன். பிரஷாந்தினி அழுது அடம்பிடித்து வேப்புக்கு மாற்றினாள். இந்த மாகாணத்துக் கடைகளில் சின்னப் போத்தல்தான், பழ வாசனையும் இல்லை. அதனால் ரொறன்ரோ போய்வருகிறவர்களிடம் சொல்லி, மாம்பழ வாசனை போட்ட, நிக்கொட்டின் இல்லாத பெரிய போத்தல்களை எடுப்பித்தான். கழுத்துப் பக்கம் கொஞ்சம் வெற்றிடம் விட்டுத்தான் அவை வரும். நிக்கொட்டினைத் தனியாக வாங்கி அந்த இடத்தில் ஊற்றிக் குலுக்கி, சில நாள் இருட்டில் வைக்க வேண்டும்.

"எனக்குக் கை நடுங்குது மச்சான், அந்தச் சின்ன எழுத்தும் தெரியேல்லை. நீ கலவைக்கார ஆள். நீ கலந்து தந்தியெண்டா நான் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பன்."

இது அவனாகக் கேட்டது. நான் போய்க் கேட்கவில்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் எட்டு மாதம் அவன் சொன்ன அளவில்தான் கலந்தேன். சனிக்கிழமைகளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். திகதி, அளவு, என் பெயரின் முதல் எழுத்து எல்லாம் லேபலில் இருக்கும். இந்திராதேவி அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

போன வருடம் வைகாசியில் அவனுக்கு வலது காலில் நோவு தொடங்கியது. நூறு அடி நடந்தால் நின்றுவிடுவான். காலுக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். சத்திரசிகிச்சை செய்து இரத்தத்துக்கு வேறு வழி விடலாம், ஆனால் உடம்பில் நிக்கொட்டின் இருந்தால் அதுவும் அடைத்துக் காலே போய்விடும் என்றார் வைத்தியர். முற்றாக விட்ட பிறகு வா, சிறுநீர் சோதித்துவிட்டு நாள் தருகிறேன் என்றாராம். அன்று அவன் என் சமையலறையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தான்.

"என்னைப் பூச்சியத்துக்கு இறக்கிவிடு மச்சான். கொஞ்சம் கொஞ்சமா. ஒரேயடியா விட்டா நான் பழையபடி சிகரெட்டுக்குப் போயிடுவன்."

இறக்குகிறேன் என்றேன். லேபலில் நிக்கொட்டின் அளவை ஆறு என்று எழுதினேன். அடுத்ததில் மூன்று. ஆவணி பிறக்கையில் பூச்சியம். லேபல் இறங்கியது, உள்ளே இருந்தது இறங்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை, அவ்வளவே. அவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "ஒரு அந்தரமும் இல்லையடா, விடுறது இவ்வளவு சுகம் எண்டு தெரிஞ்சிருந்தா எப்பவோ விட்டிருப்பன்" என்று கோயிலில் நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தான்.

புரட்டாசியில் சோதித்தார்கள். நிக்கொட்டின் இருந்தது. வைத்தியர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். சிகரெட் இருக்கிறதா என்று இந்திராதேவி அவனுடைய ஜக்கற் பைகளைத் தேடினார். காருக்குள் சீற்றைத் தூக்கிப் பார்த்தார். மூலையில் இருக்கிற டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் பின்னால் பிரஷாந்தினியை அனுப்பினார். அவன் எனக்கு முன்னால் வைத்து, "நான் பூச்சியம்தான் இழுக்கிறன், ஞானேந்திரனைக் கேள்" என்றான். நான், "ஓம், பூச்சியம்தான் குடுக்கிறன்" என்றேன். பிறகு அவனுடைய முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியைக் குடித்தேன். அதன் அர்த்தத்தை இந்திராதேவி தானாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு அது இனித்தது. மறைத்துப் பயனில்லை. சொன்னது உண்மையாக இருந்தும் ஒருவரும் நம்பாமல் ஒரு மனிதன் தன் வீட்டிலேயே முழிப்பதைப் பார்க்க நான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

ஐப்பசியில் அவன், கள்ளமாக ஒரு சிகரெட்டும் தொடவில்லை என்று கோயிலில் கற்பூரம் கொளுத்தி, மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் உள்ளங்கையால் அடித்து அணைத்தான். எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பொய்ச் சத்தியம் என்றால் குடும்பமே அழியும் என்று நம்புகிறவர்கள். அவன் சொன்னது முழு உண்மை என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்திராதேவி அழுது, அவனை மன்னித்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சமைத்துப் போட்டார். கார்த்திகை தொடக்கத்தில் இரண்டாவது சோதனை. அதிலும் இருந்தது. அதோடு அவர் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார்.

மார்கழியில் பெருவிரல் கறுத்தது. தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மாசியில் காயத்தில் கிருமி பிடித்து, ஆஸ்பத்திரியிலேயே இதயம் நின்றது. செத்தவீட்டில் நான்தான் ஆட்களை வரவேற்றுக் கதிரை போட்டேன். இந்திராதேவி அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கேட்ட எல்லோருக்கும் ஒன்றையே சொன்னார்.

"சாமிக்கு முன்னாலயும் பொய் சொன்ன மனிசன். நான் ஆருக்கு அழுறது அண்ணை?"

மிச்சம் உங்களுக்குத் தெரியும். பிரஷாந்தினி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் உணவு இரசாயனம் படிக்கிறாள். தகப்பனின் மேசை லாச்சியில் கிடந்த கடைசிப் போத்தலை, பூச்சியம் என்று என் கையெழுத்தில் ஒட்டியிருந்ததை, ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கெட்டிக்காரி. இறந்த பிறகு தகப்பனை நம்பினாள். அவள் உங்களிடம் வந்ததற்காக எனக்கு அவள்மேல் கோபம் இல்லை.

அதிகாரி அம்மா தொலைபேசிப் பதிவுகளைக் காட்டி, கார்த்திகை பதினேழாம் திகதி கல்கரியில் இருந்து வந்த நாற்பது நிமிட அழைப்பு யாருடையது என்று கேட்கிறார். என் மகளுடையது. அது இதற்குத் தேவையா என்று தெரியவில்லை. கேட்டபடியால் சொல்கிறேன்.

றொஷினி இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைக் கூப்பிட்டாள். கிருபா மாமாவுக்குக் கால் எடுக்க வேண்டி வரலாம் என்று பிரஷாந்தினி சொன்னாளாம். அழுதாள். "அப்பா, கலியாணத்தை நிப்பாட்டினது நான்தான். நானே அந்த ரொறன்ரோ மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து விருப்பமில்லை எண்டு சொன்னனான். கிருபா மாமா அவையளிட்ட என்னைப் பற்றி நல்லதுதான் சொன்னவர். எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு எனக்காகப் பொய்கூடச் சொன்னவர். நீங்கள் அவரோட கோவமா இருந்தா, இப்பவாவது போய்க் கதையுங்கோ." சரி பிள்ளை, போறன் என்றேன். போனேன். அடுத்த சனிக்கிழமை, வழக்கம்போல, போத்தலோடு.

அவன் இறக்கும் வரைக்கும் அதன்பிறகு எத்தனை போத்தல் என்று கேட்கிறீர்கள். ஐந்து. ஐந்திலும் பூச்சியம் என்றுதான் ஒட்டினேன். ஐந்திலும் முன்போலவே கலந்தேன். ஏன் என்றால், திடீரென்று நிறுத்தினால் அடுத்த சோதனை சுத்தமாக வரும், பிரஷாந்தினி யோசிக்கத் தொடங்குவாள். இன்னொன்று, அவன் பெண் விசாரிக்க வந்தவர்களிடம் பொய் சொன்னான் என்று என் மகளே ஒப்புக்கொண்டாளே. ஆகவே அவன் பொய்யன் என்று நான் நினைத்ததில் பிழை இல்லை. கிருபானந்தனின் காலையும் உயிரையும் நான்தான் எடுத்தேன், தெரிந்துதான் எடுத்தேன், என் பிள்ளைக்காக எடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

போட முன்னர் தம்பியிடம் ஒரு சின்ன உதவி. அந்த ஒரு அழைப்பை மட்டும் இதில் எழுதாமல் விடமுடியுமா என்று அதிகாரி அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் நான் செய்த எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது.