ரங்கூன் பெட்டிக்கு ஒரே வாரிசு

நீங்கள் வாங்கிக் கொடுத்த காபி நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டரம்மா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, அதனால் பரவாயில்லை.

என் பெயர் ஆண்டியப்பன். வயது அறுபத்திரண்டு. கொத்தமங்கலத்தில் எங்கள் பாட்டையா கட்டிய வீட்டில் நானும் ஒரு பங்காளி. மொத்தம் பதினோரு பங்கு. மற்ற பத்துப் பேரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். படையல், கல்யாணம் என்றால் வருவார்கள். முகப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒழுகுகிற இடத்தை எனக்கு விரல் நீட்டிக் காட்டிவிட்டுக் கார் ஏறிவிடுவார்கள்.

அந்த வீட்டை ஹோட்டலாக நடத்த ஒருவர் குத்தகைக்குக் கேட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கூட்டத்திலேயே பத்திரத்தில் யார் பெயர் முதலில் வருவது என்று பேச்சு வந்தது. எங்கள் வயதுப்படியா, அவரவரைப் பெற்ற அப்பச்சி வயதுப்படியா என்று முடிவாவதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது. எங்களில் மூத்தவர் அழகுசுந்தரம் அண்ணன். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் மைக்குக்கு முன்னால் நிற்பதுபோலத்தான் பேசுவார்.

"நம்ம வீட்டுப் பெருமை என்னன்னு தெரியுமாடா ஒனக்கு? அதைக் கொண்டுபோயி இட்லி விக்கிறவன் கையில குடுக்கச் சொல்றியா?" என்றார்.

அவருடைய பங்கு அறையின் தேக்குக் கதவு சென்னையில் ஒரு ஓட்டலில்தான் இருக்கிறது. கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில். நான் அதை எடுத்துச் சொல்லவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

குத்தகைக்காரர் ஆடி மாசம் வரை பார்ப்பேன், இல்லையென்றால் வலையபட்டியில் வேறு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் காரைக்குடியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். பெரும்பணம் தருவதாக வரும் மோசடி மெயில்களை அடையாளம் காண்பது எப்படி என்று அதில் விவரமாகப் போட்டிருந்தது. சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்வதுபோல அதைப் பார்த்துச் செய்தேன்.

முன்பின் தெரியாத வக்கீல் எழுதுவார் என்று இருந்தது. ரங்கூனில் ஒரு வக்கீலை உண்டாக்கினேன். கேட்பாரில்லாத பெரும்பணம் என்று இருந்தது. பாட்டையா யுத்த காலத்தில் விட்டுவந்த பெட்டி என்று எழுதினேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ரங்கூனில் ஒரு பெட்டி உண்டு. பெட்டியை யாரும் பார்த்ததில்லை, அதன் பூட்டு எத்தனை கனம் என்று மட்டும் எல்லோரும் சொல்வார்கள். பத்து நாள் கெடு வைத்தேன். யாரிடமும், குறிப்பாகப் பங்காளிகளிடம், மூச்சுவிடக் கூடாது என்றேன். எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கும் என்று போட்டிருந்தது. என் இங்கிலீஷுக்கு அது தானாக அமைந்துவிட்டது. முன்பணமும் கேட்டேன். சும்மா வருகிற பணத்தை எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

நானாகச் சேர்த்தது ஒன்றுதான். பெட்டி ஒரே வாரிசுக்குத்தான் கிடைக்கும். மற்றப் பங்காளிகள் யாரும் உயிரோடு இல்லை என்பதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். பத்துப் பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். இதைப் படித்ததும் சிரித்துவிட்டு மெயிலை அழித்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

சிரித்தது ஒருத்திதான். என் ஒன்றுவிட்ட அண்ணன் காலமான பிறகு அவர் பங்குக்கு வந்த மகள் சிவரஞ்சனி. சென்னையில் வேலை பார்க்கிறாள். போனில் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. சுத்த ஏமாத்து வேலை. வக்கீல் பேரையே ரெண்டு எடத்துல ரெண்டு விதமா எழுதியிருக்கான். இலவச மெயில் ஐடி வேற. பெரியப்பா யாராச்சும் ஏமாந்துறப் போறாக, நீங்க கொஞ்சம் சொல்லிருங்க."

குடும்ப வாட்ஸப் குழுவிலும் எழுதினாள். தினமும் பூப் படமும் காலை வணக்கமும் போடுகிற ஒன்பது பேரும் அன்று வாயே திறக்கவில்லை.

சொல்லச் சொன்னாளே என்று நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அழகுசுந்தரம் அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏண்டா ஆண்டியப்பா, அந்தப் பொண்ணு எதுக்கு இம்புட்டு அக்கறையா வேணாம் வேணாங்குது?"

"தெரியலையேண்ணே."

"எனக்குத் தெரியுது," என்றார்.

முதலில் வந்து சேர்ந்தது சிவரஞ்சனியின் இறப்புச் சான்றிதழ்தான். ஒன்பது பேரிடமிருந்தும் வந்தது. பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோரும் எல்லோரையும் அனுப்பினார்கள். எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு சான்றிதழ். முன்பணமும் வந்தது, அதில் ஓடு மாற்றினேன். நான் ஆளுக்கு ஒன்றாகப் பார்வைக்கு நல்லதாகப் பத்து எடுத்து வைத்து, வீட்டை என் ஒருவன் பெயருக்கு மாற்றித் தரும்படி மனுக் கொடுத்தேன். நான் யாரையும் கொல்லவில்லை, அம்மா. அவர்களே ஒருவரை ஒருவர் முடித்துக்கொண்டு வந்த காகிதங்களை அடுக்கி வைத்தேன்.

போன வாரம் சிவரஞ்சனி நேரில் வந்தாள். பங்காளிகளுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்த புரோக்கர்களில் ஒருவன் கெட்டிக்காரன் போலிருக்கிறது, அவளுடைய சான்றிதழ் நிஜமாகவே பதிவாகிவிட்டதாம். சம்பளக் கணக்கை முடக்கிவிட்டார்களாம்.

"நேர்ல போயி நின்னேன் சித்தப்பா. 'செத்தவங்க கணக்குக்கு வாரிசுதான் வரணும், நீங்க அவங்களுக்கு என்ன உறவு?'ங்கிறாக. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். நான் என்ன பண்றது?"

அவளை உட்கார வைத்துச் சோறு போட்டேன். அழாதே, உன்னுடைய வாரிசாக நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று ஆறுதல் சொன்னேன். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். கை கழுவினாள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

மனசு உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். முதல் நாள் கொஞ்சம் இருந்தது. அந்தத் தொண்ணூறில் ஒன்பது என்னுடையவை. நானும் பங்காளிதானே. இருந்தாலும் என்னை மட்டுமாவது விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் வீட்டை ஒட்டடை அடித்துக் காப்பவன் நான். ஒருவர்கூட விடவில்லை.

பிறகு உறுதிமொழிப் பத்திரங்களை நிதானமாகப் படித்தேன். மனசு ஆறிவிட்டது. மற்றவர்களைப் பாம்பு கடித்திருக்கிறது, லாரி அடித்திருக்கிறது. ஒருவர் குடித்துக் குடலழுகிச் செத்திருக்கிறார். சிவரஞ்சனி ஒன்பது விதமாகப் போயிருக்கிறாள், அதில் இரண்டு எனக்குப் படிக்கவே முடியவில்லை. எனக்கு மட்டும் ஒன்பது பேரும் தூக்கத்தில் உயிர் பிரிந்தது என்றே எழுதியிருக்கிறார்கள். இத்தனை பிரியம் வைத்திருப்பவர்கள் என் மேல் புகார் கொடுக்க மாட்டார்கள், அம்மா. நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.