பன்னிரண்டாம் எண்

...சட்டப் பிரிவுகளையே அடுக்கிக்கொண்டு போனால் இந்த அரங்கில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆகவே, சிறியதாக ஒரு கதை சொல்ல அனுமதியுங்கள். இங்கே செவிலியர் உதவியாளர் படிப்பில் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். உடற்கல்வி மாணவர்கள் இருக்கிறீர்கள். மலையேற்றமும் நீச்சலும் பயில வந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்குமான கதை. ஊரையும் கல்லூரியையும் குறிப்பிட மாட்டேன். பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில், இதுபோல ஒரு சமுதாயக் கல்லூரி. செவிலியர் உதவியாளர் வகுப்பில் இரண்டு தோழிகள். பதிவேட்டில் பதினொன்றாம் எண் ரெஜினா. பன்னிரண்டாம் எண் பேச்சித்தாய். பேச்சித்தாயின் கிராமத்திலிருந்து காலையில் ஒரே ஒரு பேருந்து. அது கல்லூரி வாசலுக்கு வருவது ஒன்பது இருபதுக்கு. வருகைப்பதிவு எடுப்பதோ ஒன்பது பத்துக்கு. எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாக ஒரு மருத்துவமனை அவளிடம் சொல்லியிருந்தது. இந்த நிலையில் ஒரு தோழி என்ன செய்வாள்? நீங்கள் என்ன செய்வீர்கள்?... சிரிக்கிறீர்கள். ஆக, தெரியும்.

ரெஜினா தன் பெயருக்கு ஒரு முறை "உள்ளேன் ஐயா" என்பாள். அடுத்த பெயருக்குத் தலையைக் குனிந்துகொண்டு, குரலை மெலிதாக்கி, மறுபடியும் "உள்ளேன் ஐயா." பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேலி செய்வாள்: "ஏட்டி, ஒனக்கு மட்டும் ஆண்டவர் ரெண்டு தொண்டை வச்சி அனுப்பிட்டாராட்டி?" வகுப்பே சிரிக்கும். ஆசிரியர் ஞானசிகாமணிக்கும் விஷயம் தெரியும். பத்து நிமிடத்துக்காக ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்தார். கவனியுங்கள்... இதில் கெட்டவர் என்று எவருமே இல்லை.

அந்தக் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு நாள் மலையேற்றம் உண்டு. அந்த ஆண்டு இந்த வகுப்பின் இருபத்திரண்டு பேரும் போனார்கள். காட்டுப் பாதையில் நின்று பெயர் வாசிக்க நேரம் இராது. ஆகவே ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். ஓர் ஓடையைக் கடந்தால், இரைச்சல் கேட்காத தூரம் போய் நிற்க வேண்டும். அவரவர் எண்ணை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஓர் எண் விடுபட்டாலும் ஓர் அடி நகரக் கூடாது. நல்ல முறை. மிக நல்ல முறை.

இறங்கும்போது மணி மூன்று நாற்பது. மழை தூறத் தொடங்கிவிட்டது. கடைசி ஓடையைக் கடந்து, ஒரு வளைவு தாண்டி நின்றார்கள். ஆசிரியர் ஞானசிகாமணி குடைக்கடியில் பதிவேட்டைப் பிடித்து, குனிந்தபடியே, யார் குரல் என்று பாராமல் எண்ணை மட்டும் காதால் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். ஒன்பது... பத்து... பதினொன்று என்றாள் ரெஜினா. அதன் பிறகு... ஒன்றுமில்லை.

ரெஜினா திரும்பிப் பார்த்தாள். பேச்சித்தாய் இல்லை. ஷூ நனையாமல் கழற்றிக்கொண்டு வருகிறேன், நீ போ என்று அக்கரையிலேயே உட்கார்ந்தவள். இதோ வந்துவிடுவாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் அத்தனை பேரும் மழையில் நிற்க வேண்டும். அவளுக்கு ஏச்சு விழும். ரெஜினா தலையைக் குனிந்தாள். குரலை மெலிதாக்கினாள்.

"பன்னிரண்டு."

பதின்மூன்றாம் எண்காரருக்கு அது யார் குரல் என்று தெரியும். தினமும் கேட்கிற குரல்தானே? அவர் "பதின்மூன்று" என்றார். எண்ணிக்கை இருபத்திரண்டில் முடிந்தது. ஆசிரியர் கையொப்பமிட்டார்.

வரிசையின் பின்னால் அவள் வந்து சேர்ந்திருப்பாள் என்றே ரெஜினா நினைத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் இறங்கி, வேனில் ஏறியபோதுதான் ஓர் இருக்கை காலியாக இருப்பது தெரிந்தது. திரும்பி ஓடினார்கள். மேலே மலையில் பெய்த மழை அதற்குள் அந்த ஓடையை ஆறாக்கியிருந்தது. கால் வைக்க முடியவில்லை. மறுநாள் காலை, வெகு தூரம் கீழே, வனக்காவலர்கள் அவள் உடலை எடுத்தார்கள்.

இதை விசாரிக்க அமைத்த குழுவில் வழக்கறிஞனாக நானும் இருந்தேன். மருத்துவர் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. வெள்ளம் அடித்துப் போவதற்கு முன்னதாகவே அவள் கணுக்கால் உடைந்திருந்தது. அதன் இரு பக்கமும் குச்சி வைத்து, துப்பட்டாவால், பாடத்தில் உள்ளபடி, பிசகில்லாமல் கட்டுப் போடப்பட்டிருந்தது. இதற்கு என்ன பொருள்? வழுக்கி விழுந்த பிறகு அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டிருக்கிறாள். கட்டிவிட்டு... காத்திருந்திருக்கிறாள். பன்னிரண்டாம் எண் விடுபட்டால் எல்லாரும் நிற்பார்கள், திரும்பி வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும் அல்லவா? இது என் ஊகம் என்பதையும் பதிவு செய்கிறேன். வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை.

ரெஜினாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டோம்.

"அவ எப்பவும் வந்துருவா சார்," என்றாள். "கொஞ்சம் பிந்தும். ஆனா வந்துருவா."

எங்கள் மேசையில் அந்தப் பதிவேடு இருந்தது. எத்தனையோ பொய் ஆவணங்களைப் பார்த்தவன் நான். அது பொய் ஆவணம் அல்ல. காதில் விழுந்ததை ஒருவர் நேர்மையாக எழுதியது. அந்த நேர்மையான எழுத்துத்தான் அவளைத் தேட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

இங்கிருக்கும் நண்பர்களே... உங்களில் சிலர் நாளை வார்டில் நிற்பீர்கள். மணிக்கட்டைத் தொடாமலே, நேற்று எழுபத்திரண்டுதானே என்று நாடித்துடிப்பை எழுதக் கை போகும். சிலர் நீச்சல் குளத்தருகே நிற்பீர்கள். தலைகளை எண்ணாமலே, எல்லாரும் ஏறியாயிற்று என்று சொல்ல வாய் போகும். அதைச் செய்யாதீர்கள். பார்க்காத ஒருவரை "இருக்கிறார்" என்று சொல்லும்போது நீங்கள் அவருக்கு உதவவில்லை. அவரைத் தேட இருந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்த மழையில் ரெஜினா எதுவும் செய்திருக்க வேண்டாம். பேசாமல் நின்றிருந்தால் போதும். அந்த மௌனம் இருபது பேரைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும்.

நாளைக் காலை இந்தக் கல்லூரியிலும் பெயர் வாசிப்பார்கள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், வாயைத் திறக்காதீர்கள். வருகை போகட்டும். அவர் வந்து உங்களிடம் சண்டை போடட்டும். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கட்டும்... இருக்கட்டும்.