படகுத்துறையில் ஒரு கை

சௌமு: மீனை ஒதுக்காதீங்க... சரி, இன்னைக்கு எந்தக் கப்பலை உள்ள கொண்டாந்தீங்க?

அத்மான்: கோதுமைக் கப்பல். இம்மாம் பெருசு! காத்து வேற... கொஞ்சம் அசந்திருந்தா மணல்ல ஏறியிருக்கும்.

சௌமு: அடேங்கப்பா! மொம்பாசா துறைமுகமே உங்களாலதான் ஓடுது.

அத்மான்: கிண்டலா? நம்ம வீட்டுக்கு நேரா வரும்போது சங்கு ஊதச் சொன்னேனே... கேட்டுச்சா?

சௌமு: கேக்காம? மாவு கையோட வாசலுக்கு ஓடியாந்தேன்.

அத்மான்: ஓடியாந்தியா...

சௌமு: ஏன் முழிக்கிறீங்க?

அத்மான்: ஒண்ணுமில்ல. உப்பு தூக்கல்.

சௌமு: அந்தப் பேண்டைக் குடுங்க, ஊறவைக்கிறேன். அய்ய, முட்டியில பாசி! கப்பல் பைலட்டுக்கு ஏதுங்க பாசி?

அத்மான்: ஏணியில... ஏறும்போது...

சௌமு: கயித்து ஏணியில பாசியா?

அத்மான்: நீ என்ன போலீஸா?

சௌமு: போதுங்க.

அத்மான்: என்ன போதும்?

சௌமு: இன்னைக்குச் சங்கு ஊதவே இல்ல. அது நின்னு ரொம்ப நாளாச்சு.

அத்மான்: அந்தத் தண்ணிச் செம்பை இப்படித் தள்ளு.

சௌமு: கண்ணு சோதனையில தேறலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன வேத்தாளா?

அத்மான்: 'என் வீட்டுக்காரர் கப்பலையே இழுத்துட்டு வர்றவர்'னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டவ நீ. இப்ப லிக்கோனி படகுத்துறையில ஜனங்களை ஏத்திவிடறேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?

சௌமு: வீட்டுக்கு அனுப்பாம வேற வேலை குடுத்தாங்கல்ல, அதுல என்ன கேவலம்? தண்ணி வத்தி சரிவு வழுக்கறப்ப கூடைக்காரிங்களுக்கெல்லாம் நீங்கதானே கை குடுக்கறீங்க. 'துறைமுகத்துக்காரங்க காசு வாங்காம படகு விடறாங்க, கூடவே ஒரு நல்ல மனுசனையும் விட்டிருக்காங்க'ன்னு பொம்பளைங்க பேசிக்கிறாங்க.

அத்மான்: உனக்கு... யார் சொன்னா?

சௌமு: யார் சொல்லணும்? காலையில கறுப்புப் புய்புய் முக்காட்டால மூஞ்சிய மூடிக்கிட்டு ஒருத்தி வருவாளே... கூடையும் இல்லாம, பையும் இல்லாம... அது நான்தாங்க. அக்கரையில எனக்கு என்ன வேலை? அடுத்த படகுலயே திரும்பிடுவேன். உங்க கையைப் பிடிக்கத்தான் வந்தேன்.

அத்மான்: கண்ணுதாண்டி மங்கிப் போச்சு, கை மங்கல. மத்தவங்களை 'பாத்தும்மா'ன்னு ஏத்திவிட்டுட்டு, உன் ஒருத்தி கையை மட்டும் படகு சங்கு ஊதற வரைக்கும் விடாம ஏன் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு நெனைக்கிற?