நிலத்தடி வரைபடத்தை மூட மறுத்த தோருன் மிர்வோலுக்கு

மண்ணுக்கடியில் மறைந்து கிடந்ததை மக்கள் கண்முன் விரித்து வைத்த மாண்புடையீர்! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் மாவட்ட நில அளவை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், முகம் சுளிக்காமலும் முடிவு பிறழாமலும் பணியாற்றி, இன்று விடைபெறும் தோருன் மிர்வோல் அம்மையீர்! வணக்கம்.

தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் காபி எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே, கதவருகே ஆள் நிறுத்திவிட்டு, அவையோரிடம் பேசப் போகிறோம். நடந்ததை நடந்தபடியே சொல்லப் போகிறோம். தாங்கள் அமர்ந்து கேட்டால் போதும்.

அவையோரே! தோருன் பணியில் சேர்ந்த நாளில் நம் அலுவலகத்தின் நிலவறை முழுக்க இரும்பு அலமாரிகள். சாலை போட, பள்ளி கட்ட, மாட்டுக் கொட்டகை எழுப்ப என்று எங்கே துளை போட்டுப் பார்த்தாலும், அங்கே கண்ட மண் எதுவென்று எழுதிய தாள் அந்த அலமாரிக்குப் போய்விடும். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த வயல்கள் நம்முடையவை. இங்குள்ள களிமண் ஆயிரம் ஆண்டுகள் கல்லைப் போல நிற்கும்; ஒருமுறை கலங்கினால் கஞ்சியாக ஓடி, மேலிருக்கும் வீட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அது எங்கெங்கே இருக்கிறது என்பது அலமாரிகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

தோருன் அந்தப் பதினான்காயிரம் தாள்களையும் கணினியில் ஏற்றினார். ஒன்பது ஆண்டுகள் ஆயின. பிறகு வரைபடமாக்கி, கட்டணம் இல்லாமல், அனுமதி கேட்கத் தேவை இல்லாமல், இணையத்தில் எல்லாருக்கும் வைத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஊர்ப் பணத்துல போட்ட ஓட்டை. அது என்ன சொல்லுச்சுன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?" என்பார். அவ்வளவுதான் அவர் விளக்கம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இலையுதிர் காலத்தில், ஒரு நிறுவனம் அந்த வரைபடத்தைக் கேட்டு வந்தது. நம் இயக்குநர் ஐவின் ரென்னிங் தோருனை அழைத்தார்.

"ஏழு வருஷத்துக்கு நம்ம தரவை அவங்களுக்கு மட்டும் குடுக்கணுமாம். பொது வரைபடத்தை மூடிடணும். வங்கிக்கும் காப்பீட்டுக்காரங்களுக்கும் அவங்க வித்துப்பாங்க. மாவட்டத்துக்கு ரெண்டு கோடி குரோனர், தோருன். கடல்ல எடுக்கற எண்ணெய்க்கு அடுத்து நமக்குத் தரவுதாங்கறாங்க."

"எண்ணெயை ஒருத்தர் எடுத்தா அடுத்தவருக்கு இல்ல, ஐவின். இதை ஆயிரம் பேர் எடுத்தாலும் குறையுமா? குறையாததுக்கு எதுக்குப் பூட்டு?"

"ரெண்டு பள்ளிக்கூடத்துல கூரை ஒழுகுது. எனக்கு அந்தப் பணம் வேணும்." ஐவின் சொன்னதும் பொய்யில்லை. "வியாழக்கிழமை மாவட்டக் குழு கூடுது. நீங்க பேசலாம், பேசாமலும் இருக்கலாம்."

அதே வாரம் தோருனின் தம்பி, ஷெட்டில் என்பவர், தொலைபேசியில் அழைத்தார். ஷெட்டில் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். ஹெக்லி ஓடைக்கு மேலே இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, மனைவிக்கு வேலை கிடைத்த பெர்கனுக்குக் குடிபோக நினைத்திருந்தார். ஆனால் வரைபடத்தில் அந்த வீடு ஆபத்தைக் குறிக்கும் சிவப்புக்குள் இருந்தது. வீட்டை வாங்க வந்த இரண்டு பேர் வரைபடத்தைக் கண்டதும் பின்வாங்கிவிட்டார்கள். மூன்றாவதாக, இரட்டைக் குழந்தைகளோடு ஓர் இளம் தம்பதி ஓஸ்லோவிலிருந்து வருவதாக இருந்தது.

"அக்கா, அந்த மேப்பை மூடப் போறாங்களாமே?"

"பேச்சு நடக்குது."

"நீ எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். வியாழக்கிழமை வாயை மூடிட்டு உக்காந்திரு, போதும். எழுபத்தொண்ணுல எவனோ போட்ட ஒத்தை ஓட்டையை வெச்சு என் வீட்டைச் சிவப்பாக்கி வெச்சிருக்கே."

"வாங்க வர்றவங்களுக்கு அது தெரிய வேண்டாமா, ஷெட்டில்?"

"உனக்குத் தம்பி நானா, அவங்களா?"

இதைப் பின்னொரு நாள், கோப்பை கழுவிக்கொண்டே, அவரே எங்களிடம் சொன்னார். அந்த வாரம் அவர் எங்களோடு மதிய உணவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை குழுவின் முன் எழுந்து நின்றார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். என் தம்பி வீடு இந்த வரைபடத்துல சிவப்பு. மூடினா அவனுக்கு லாபம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க" என்று தொடங்கினார்.

"இனிமே வீட்டுக் கடன் யாருக்குத் தரலாம், யாருக்குக் கூடாதுன்னு கணினி சொல்லப் போகுது. எதை வெச்சுச் சொல்லுதுன்னு பாக்க நமக்கு வழி இருக்கணும். பூட்டிட்டீங்கன்னா, என்ன ஆபத்துன்னு வங்கிக்குத் தெரியும், அந்த வீட்டுல படுத்துத் தூங்கறவனுக்குத் தெரியாது. தப்பா இருந்தாலும் கண்டுபிடிக்க ஆள் இருக்காது."

"அப்ப பள்ளிக்கூடக் கூரை?" என்று ஓர் உறுப்பினர் இடித்துக் கேட்டார்.

"கூரை போட வரி கேளுங்க, கட்டறேன். கால் வைக்கிற மண்ணைப் பத்தின விவரத்தை விக்காதீங்க."

ஒன்பது பேர் அவர் பக்கம். ஆறு பேர் எதிர்ப்பக்கம். வரைபடம் திறந்தே இருந்தது. ஓஸ்லோ தம்பதி அதைப் பார்த்தார்கள், வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஷெட்டிலும் அக்கா வீட்டுக்கு வரவில்லை.

வசந்தத்தில் ஸ்டைன்ஷேர் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பெண்கள் மட்டுமே நடத்தும் சிறு நிறுவனம். வீடு கட்டுபவர்களுக்கு மண்ணின் ஆபத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை நம் வரைபடத்தை வைத்தே எழுதியவர்கள். ஹெக்லியில் ஒரே ஒரு பழைய துளைதான் இருக்கிறது, அதை நம்பி எதையும் சொல்ல முடியாது, மேலும் துளையிட்டுப் பாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். திறந்து வைத்ததால்தான் அந்தக் குறை வெளியாரின் கண்ணில் பட்டது.

ஜூனில் ஐந்து துளைகள் போடப்பட்டன. அடியில் பாறை இருக்க வேண்டும் என்று தோருன் உள்ளூர ஏங்கினார். பாறை இல்லை. பதினொரு மீட்டர் ஆழத்துக்குக் களிமண். அதன் அடிவாரத்தை ஓடை அரித்துக்கொண்டிருந்தது. ஷெட்டிலின் வீடு மட்டுமல்ல, கீழேயிருந்த ஐந்து வீடுகளும் அது சரிந்தால் ஓடும் பாதையில் இருந்தன. தோருன் தம்பியை அழைத்துச் சொன்னார். ஷெட்டில் இணைப்பைத் துண்டித்தார். அன்றே முடிவை இணையத்தில் ஏற்றினார்.

அந்தக் கோடை முழுக்க, அரிப்பைத் தடுக்க ஓடையின் கரையில் பாறாங்கல் இறக்கினார்கள். இரண்டாம் வாரம் தோருன் பார்க்கப் போனபோது, அங்கே ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களில் ஒன்று ஷெட்டிலுடையது. அவர் இறங்கி வந்தார்.

"கீழ அஞ்சு வீட்டுலயும் பசங்க இருக்காங்க, அக்கா. வித்திருந்தா அந்த ரெட்டைப் பிள்ளைங்களும் இங்கதான் இருந்திருக்கும்."

"ம்."

"உன் மேல இருக்கற கோவம் போகல."

"போக வேண்டாம்."

"பிளாஸ்குல காபி இருக்கா?"

இருந்தது. கல்லின் மேல் உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள். சென்ற ஆண்டு ஹெக்லி சிவப்பிலிருந்து ஆபத்து குறைந்த மஞ்சளுக்கு மாறியது. ஷெட்டில் பெர்கனுக்குப் போகவில்லை. மனைவிதான் வாரக்கடைசியில் வந்து போகிறார். மூன்றாவது வரிசையில், கோட்டு அணியாமல் அமர்ந்திருப்பவர் ஷெட்டில்தான்.

தோருன் அம்மையீர்! மீண்டும் தங்களிடமே வருகிறோம். துணிவைத் துணையாகவும் உண்மையை உறவாகவும் கொண்டு உழைத்த தாங்கள், நோயின்றி நெடுங்காலம் வாழ்க! பனிக்காலம் தோறும் தங்கள் சறுக்குக் கட்டைகள் மலைச்சரிவில் மகிழ்ந்து ஓடுக! அண்ணன் தம்பி, அக்கா தங்கை அனைவரும் கூடும் மேசையில் தங்கள் நாற்காலி என்றும் நிறைந்திருக்க!

நினைவுப் பரிசாகக் கடிகாரம் வாங்கவில்லை. சென்ற வாரம், முன்னதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று எழுதியிருந்தது. தன் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தர, பதினைந்து ஆண்டுகளுக்கு நம் தரவு தனக்கு மட்டுமே வேண்டும் என்று கேட்டிருந்தது. தொகையை இங்கே சொல்ல மாட்டோம். ஐவின் இருமுறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, பதிலில் முதல் கையெழுத்தை அவரே போட்டார். அடுத்து நாங்கள் பதினொரு பேரும் போட்டோம். இன்று காலை ஒன்பது மணிக்கு அது போய்விட்டது. அந்தப் பதில்தான் எங்கள் பரிசு. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"வரைபடம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. தாங்களும் பார்க்கலாம்."

தாங்கள் விட்டுச்செல்லும் மேசையைப் பகிர்ந்துகொள்ளப் போகும்,
மூன்றாம் மாடி அலுவலர்கள்