கறுத்த அடை

எங்கள் வீட்டில் காலையில் யாரும் வாழைப்பழம் சாப்பிடமாட்டோம், சார். உங்களுக்கு வெறும் கட்டன் சாயாவை மட்டும் கொண்டுவந்து வைத்ததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் வந்திருந்தீர்கள் என்றால் மட்டிப்பழமும் வைத்திருப்போம்.

இது விரதம் ஒன்றும் இல்லை. என் அப்பா ரெத்தினதாஸ் தேனீ வளர்த்தவர். ஒரு தேனீ கொட்டும்போது மற்றவற்றைக் கூப்பிட ஒரு வாசனை விடும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தின் வாசனை போலவே இருக்கும் அது. பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறந்தால், யாரோ ஏற்கெனவே கொட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்து எல்லாமாகச் சேர்ந்து வரும். பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே எனக்கு இது தெரியும்.

என்மேல் வழக்கு ஏதாவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டீர்கள். இல்லை என்றேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு அந்தப் பதில் போதும் என்று தெரியும். ஆனால் என்மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. எதையும் இரண்டு முறை பார்ப்பேன். பாதிப் பதில் சொல்லிவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். தமிழிலேயே சொல்கிறேன், எனக்கு அதில்தான் ஒழுங்காக வரும்.

ஜிஜினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சித்திரையில் முட்டுப்பாறையில் தேனீ கொட்டி இறந்தவன். உதியன்குளங்கரையில் எங்களுக்கு அடுத்த வளைவில்தான் அவன் வீடு. ஒன்றாகப் படித்தோம். படிப்பு முடிந்து நான் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதப் போனேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. அதிலும் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

லாவோஸ் என்ற நாட்டில் மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும் என்று ஓர் அமைப்பு போட்ட செய்தியை முதலில் பார்த்தது நான். தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள். ரொம்ப நாள் யோசித்து விண்ணப்பம் எழுதினேன். தனியாகப் போகப் பயமாக இருந்ததால் ஜிஜினையும் போடச் சொன்னேன். அவனுடையதையும் நான்தான் எழுதினேன். ஏன் வர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு என் காரணத்தையே வேறு சொற்களில் அவனுக்கும் எழுதிக்கொடுத்தேன்.

நேர்காணல் போனில் நடந்தது. நான் படித்து வைத்திருந்ததை அவர்கள் கேட்கவில்லை. என் வாயில் ஆங்கிலம் நின்றுவிட்டது. ஜிஜின் தப்புத்தப்பாகப் பேசினான், சிரித்தான், இடையில் ஒரு பாட்டும் பாடினான். அவனை எடுத்துக்கொண்டார்கள்.

"எலே, இவன் எழுதித் தந்ததாக்கும் எனக்குக் கெடச்சது," என்று எல்லோரிடமும் சொல்வான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஒவ்வொரு முறையும் கேட்பவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

அவன் போனபிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தேன். கடை பூட்டியதும் பஸ் ஏறுவேன். தினமும் நாட்குறிப்பு எழுதி வரவேண்டும் என்பது நீது டீச்சரின் விதி. மற்றவர்கள் வாரக்கடைசியில் மொத்தமாக எழுதுவார்கள். நான் அன்றன்றே எழுதினேன். ஜிஜின் மலைக்குகைக்குள் படகில் போகிற படத்தை அனுப்பிய அன்று, என் நண்பனை நினைத்து நான் மிகவும் மகிழ்கிறேன் என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை என்று டீச்சர் சரி போட்டார்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஜூனில் அவன் வருடம் முடியும். "எனக்க எடம் ஒனக்குத்தான் மக்கா, நான் சொல்லி வச்சிருக்கேன்," என்று போனில் சொல்லியிருந்தான். கடை முதலாளியிடம்கூட நான் சொல்லிவிட்டேன். அந்த ஓர் இடத்துக்காகத்தான் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

சித்திரைப் புத்தாண்டு அங்கேயும் உண்டாம். அந்த விடுமுறையில் அவன் ஊருக்கு வந்தான். தோள் அகன்று, நிறம் கறுத்து, நடையே மாறியிருந்தது. வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தான். அங்கே ஆட்கள் எப்படித் தேன் எடுக்கிறார்கள் என்று அப்பாவிடம் நடித்துக் காட்டினான். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வருடத்து முதல் தேனில் ஒரு குப்பியை அவன் கையில் கொடுத்து, "இவன் ஆணாக்கும்," என்றார். நான் பக்கத்தில் நின்று மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன்.

மாலை வகுப்பிலும் வந்து பேசச் சொன்னார்கள். அவன் ஆங்கிலத்தில் இருந்த பிழைகளை நான் எண்ணாமல் இருக்க முயன்றேன். டீச்சர் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

திரும்பும் வழியில் உதியன்குளங்கரையில் சாயா குடித்தோம். அங்கே வைத்துத்தான் சொன்னான்.

"மக்கா, ஒரு காரியம் உண்டு. கோவப்படப்பிடாது."

"சொல்லு."

"நான் அங்கயே இன்னும் ரெண்டு வருசம் நிக்கப்போறேன். ஒத்துக்கிட்டாச்சு."

"அப்போ ஜூன்ல?"

"ஜூன்ல ஆள் எடுக்க மாட்டாவ. ஒனக்கு வேற எங்கயாவது பாப்போம்லே. நாட்டுக்கா பஞ்சம்? நீ மொதல்ல வாயத் தொறந்து பேசப் படி." என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "மூஞ்சியப் பாரு, கல்யாணம் மொடங்குன பெண்ணு மாதிரி. அது கெடக்கட்டு. நாம முட்டுப்பாறையில கயிறு கெட்டி எறங்குவோம், வாறியா? சின்னதுல இருந்து பாக்குத பாறையில்லா?"

நான் சரி என்றேன். சாயாவில் இனிப்புச் சரியாகத்தான் இருந்தது.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், பிறகு சந்தேகம் வந்தது. அடுத்தவனிடம் இருப்பது தனக்கு வேண்டும் என்று நினைப்பதுதான் பொறாமை. என்னுடையது அவனிடம் இருக்கிறது என்று நினைப்பதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும்.

முட்டுப்பாறை வெள்ளறடைக்கு அப்பால், எல்லையில் இருக்கிறது. உச்சி கேரளம், அடிவாரம் தமிழ்நாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கயிறு கட்ட உறுதியான மரம் வேண்டும் அல்லவா? மரம் இருந்தது. அதற்கு நேர்கீழே, பாறை உள்வாங்கும் இடத்தில், பெரிய தேனீயின் அடை ஒன்றும் தொங்கியது. முறம் அகலம் இருக்கும்.

பெட்டியில் வளர்க்கிற ஈ சாது. பாறையில் கட்டுகிற ஈ அப்படி இல்லை. அதன் அடை திறந்தவெளியில் தொங்கும். ஈக்களே அடுக்கடுக்காக அதை மூடிக்கொண்டிருக்கும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது அடை வெளுத்திருந்தால் காலி, கறுத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் இதில் தவறமாட்டார்கள். அது கறுத்திருந்தது. எனக்குச் சந்தேகம் தீரவில்லை, இன்னொரு முறை பார்த்தேன். ஒரு பருந்து தாழப் பறந்தபோது அந்தக் கறுப்பின்மேல் மேலிருந்து கீழாக ஓர் அலை ஓடியது. அதன்பிறகு சந்தேகம் இல்லை.

போகிற நாள் காலையில் அமரவிளைக்குப் போய் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வந்தேன். தோல் கறுத்துப் புள்ளி விழுந்த பழம். மலையேறுகிறவர்களுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. வெளியே போகும்போது அப்பா சொல்லி நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் தேங்காய் நாரையும் தீப்பெட்டியையும் எடுத்து அலமாரியில் வைத்தேன். புகை போட்டால் ஈ விலகும் என்பதற்காகத்தான் அவை. ஆனால் மலையில் புல் காய்ந்துகிடந்தது. தீப்பிடித்தால் எத்தனை பேருடைய ரப்பர்த் தோட்டம் போகும்.

அடிவாரத்தில் பைக்கை நிறுத்தியதும் ஜிஜின் அண்ணாந்து பார்த்தான்.

"வினீதே, அது தேன்கூடுல்லா?"

"ஓ, தேன்கூடுதான்."

"ஈ உண்டுமா?"

"ரப்பர்ப் பூ முடிஞ்சாச்சுல்லா. தோட்டத்துல வச்ச எங்க பெட்டியெல்லாம் வீட்டுக்கு வந்தாச்சு, நீதான் பாத்தியே."

"கறுகறான்னு இருக்கே."

"பழைய அடை கறுக்கும்."

"நீ தேன்காரனுக்க மோன். நீ சொன்னா சரியாக்கும்," என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

நான் சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை, சார். பெட்டிகள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தன. பெட்டிக்குள் இருக்கும் பழைய அடை கறுக்கத்தான் செய்யும். பாறையைப் பற்றி அவன் தனியாகக் கேட்கவில்லை.

உச்சியில் உட்கார்ந்து பழத்தைக் கொடுத்தேன். வேகவேகமாகத் தின்றான்.

"ஒனக்கு?"

"எனக்கு வயிறு சரியில்ல."

"பேடியாக்கும் ஒனக்கு," என்று சிரித்தான். "நான் எறங்குத படம் மட்டும் எடு. கை நடுங்கப்பிடாது."

தோலை நான் தூர வீசச் சொன்னேன். அவன் வீசவில்லை. மலையில் குப்பை போடக்கூடாது என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். எல்லாத் தோலையும் சுருட்டித் தன் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். அது என் ஏற்பாட்டில் இல்லாதது. நானாக அந்த அளவுக்கு யோசித்திருப்பேனா என்று தெரியவில்லை.

கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். முடிச்சு சரியாக இருந்தது. கயிற்றில் தவறு என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

அவன் இறங்கினான். தலை மறைந்தது. கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்டது, பாட்டு நின்றது. பிறகு அந்தச் சத்தம். மழை தூரத்தில் ரப்பர் இலைமேல் விழுந்து நெருங்கி வருகிற மாதிரி இருக்கும்.

"எலே வினீதே, தூக்குலே," என்றான். "மக்கா, தூக்கு."

ஈ வந்தால் ஓடாதே, கை வீசாதே, முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார் என்று அப்பா சொல்லித் தந்திருக்கிறார். சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் கயிறு மரத்தில் உரசியது. பிறகு உரசவில்லை. எனக்கு ஒரு கொட்டும் இல்லை.

ஈ அடங்கியபிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் ஆட்களோடு வந்து, புகை போட்டு, பாதியில் தொங்கியவனை அடிவாரத்துக்கு இறக்கினார். கீழே கிடத்தியது தமிழ்நாட்டு மண்ணில் என்பதால் காகிதம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் ஸ்டேஷனில் தேடவேண்டாம். விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

அப்பா மட்டும் ஜிஜினின் பையிலிருந்து தோலை எடுத்து மோந்து பார்த்தார்.

"பழம் ஆருலே வாங்குனது?"

"அவன்தான்," என்றேன். சார், நான் சொன்ன ஒரே பொய் அது. அதற்காக எனக்கு வருத்தம் உண்டு. அதன்பிறகு அப்பா என்னோடு பேசுவதில்லை. பெட்டிகளையும் விற்றுவிட்டார். இருந்தாலும் வீட்டில் காலையில் பழம் மட்டும் இன்னும் வைப்பதில்லை. பழக்கம்.

அந்த அமைப்பிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஜிஜின் தன் பேச்சில் அடிக்கடி என் பெயரைச் சொல்வானாம். அவன் இடத்துக்கு என்னால் வரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நீது டீச்சர் பார்த்துப் பிழை இல்லை என்றார்.

என்னைத் தெரிந்தவர்கள் என்று இரண்டு பெயர் கேட்டிருந்தீர்கள். முதலாவது கடை முதலாளி. இரண்டாவது சரோஜம் மாமி, ஜிஜினின் அம்மா. வீட்டில்தான் இருப்பார், நீங்கள் போய்க் கேட்கலாம். "நீயாவது போய் அவன் படிப்பிச்ச பிள்ளையளப் பாத்துட்டு வா மக்கா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதும்போது நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சாயா ஆறிவிட்டது, வேறு போட்டுக்கொண்டு வருகிறேன். நடத்தை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நீங்கள்தான் நிரப்பவேண்டும். வழக்கு என்ற கட்டத்தில் இல்லை என்று நானே எழுதிவிட்டேன். இரண்டு முறை பார்த்துவிட்டேன், சார். சரியாகத்தான் இருக்கிறது.