தோத்துப்போன கட்டு

நம்ம நூலக விழாவுல நான் மைக்கைப் பிடிச்சதுமே தலைவர் ஐயா வாட்சைப் பார்க்கிறாரு... பயப்படாதீங்க ஐயா, ஒரு சின்னக் கதை, சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன்.

ஒரு ஊர்ல குடி நோய் ஆராய்ச்சி நிலையம். அதுல ஒரு நூலகம். குடியை நிறுத்த என்னென்ன பண்ணிப் பார்த்தாங்களோ, அறுபது வருஷத்துக் காகிதமும் அங்க கட்டுக்கட்டா இருக்கு. அதைப் பார்த்துக்கிறது செண்பகவல்லின்னு ஒரு அம்மா.

ஒருநாள் இயக்குநர் வந்தார். டாக்டர் தணிகாசலம். நல்ல மனுஷன்தான், ஆனா அவசரக்காரர்.

"ஏம்மா, அடுத்த வாரம் மேலிடத்துலேர்ந்து பார்வையிட வர்றாங்க. ஜெயிச்ச ஆராய்ச்சி எல்லாம் கண்ணாடி அலமாரிக்கு. தோத்தது எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு!"

"சரிங்க சார்."

அந்தம்மா வேற என்ன சொல்லும்? மனசு இங்க இல்லையே! அதோட பையில ஒரு பொட்டலம் இருக்கு. என்ன பொட்டலம்? பஸ் ஸ்டாண்டு சுவத்துல பார்த்திருப்பீங்களே... 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்!' அந்தப் பொடிதான். வீட்டுக்காரர் பிச்சாண்டி தினமும் குடி. சாயங்காலம் கருவாட்டுக் குழம்புல ஒரு ஸ்பூன் கலக்குறதா திட்டம்.

சிரிக்கிறீங்க... முன் வரிசையில ஒரு அம்மா மட்டும் சிரிக்கல. பரவாயில்லம்மா, கேளுங்க.

செண்பகவல்லி தோத்த கட்டையெல்லாம் ஒதுக்கிட்டு, கடைசிக் கட்டைத் தூக்குது. சணல் இத்துப்போய் அறுந்து, காகிதமெல்லாம் தரையில. பொறுக்கும்போது மேல சிவப்பு மையில ஒரு வரி: 'வீட்டார் குழம்பில் ரகசியமாக மருந்து கலந்தது. தோல்வி.'

அந்தம்மா அப்படியே தரையில உட்கார்ந்துடுச்சு. படிக்குது. யாரோ ஒரு டாக்டர், என்னிக்கோ பன்னிரண்டு வீட்டுக்கு நடந்துபோய் விசாரிச்சு எழுதியிருக்கார். அந்த மருந்தும் சாராயமும் வயித்துல சேர்ந்தா உயிருக்கே ஆபத்தாம்; மருந்து உள்ள இருக்கிறது தெரியாம மேல குடிச்சு, ஒருத்தர் நெஞ்சு அடைச்சுப் போய்ச் சேர்ந்துட்டார். மத்த பதினோரு பேர்? விஷயம் தெரிஞ்சதும் அவங்க குடியை விடல... வீட்டுச் சோத்தைத்தான் விட்டாங்க! பொண்டாட்டி கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கப் பயந்தாங்களாம்.

செண்பகவல்லி எழுந்திரிச்சுது. ஒரு கையில கட்டு, ஒரு கையில பொட்டலம். நேரா இயக்குநர் மேசையில வச்சுது.

"என்னம்மா இது?"

"இதைப் பேப்பர் கடைக்கு அனுப்பியிருந்தா, இன்னிக்கு நான் அந்தக் குழம்பை வச்சிருப்பேன் சார்."

டாக்டர் படிச்சார். பொட்டலத்தைப் பார்த்தார். அவரே போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, நடுவுல இடம் பண்ணி, அந்தக் கட்டை வச்சார்.

பிச்சாண்டி குடியை விட்டாரான்னு கேட்கிறீங்க. அவர்கிட்ட சொல்லியே வைத்தியத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. மூணு தடவை வந்தார், ரெண்டு தடவை ஓடினார். இன்னும் வந்துட்டிருக்கார். ஆனா உயிரோட இருக்கார்... வீட்லதான் சாப்பிடுறார்!

இதை ஏன் இங்க சொல்றேன்? ஜெயிச்சதை எல்லாரும் பத்திரமா வச்சுக்குவாங்க. தோத்ததைத்தான் பத்திரமா வைக்கணும். இல்லேன்னா ஒருத்தர் செத்துக் காட்டின பாடத்தை, இன்னொருத்தர் மறுபடி செத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

நம்ம நூலகத்துலயும் பின்னாடி ரூம்ல அப்படிப்பட்ட பழைய கட்டு நிறைய இருக்கு. திங்கட்கிழமை காலி பண்ணிட்டு ஏ.சி. போடப்போறதா தலைவர் ஐயா இப்பத்தான் பெருமையா சொன்னாரு...

ஐயா, எனக்கு இந்தப் பொன்னாடை வேண்டாம். அந்த ரூம் சாவியைக் கொடுங்க.